கடைசித் தட்டு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் புக்கிட் மெலாவத்தியில் நிற்க இடம் இருக்காது. கீழே டிராமுக்கு வரிசை. மேலே 1907இல் வெள்ளைக்காரர்கள் கட்டிய கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள். அவற்றைச் சுற்றிக் குரங்குகள், குரங்குகளைச் சுற்றி நாம். பயற்றங்காய்க் கட்டும் கடலைப் பொட்டலமும் விற்பார்கள். என் மகளுக்கு ஏழு வயது. கோலசிலாங்கூர் என்றால் அவளுக்குக் குரங்கு, எனக்கு நான் பிறந்து வளர்ந்த ஊர். அங்கிருந்து புக்கிட் ரோத்தான் பக்கம் போனால் எங்கள் தோட்டம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் செம்பனை மட்டும் இருக்கிறது, லயங்கள் இல்லை.

அன்றைக்கு மகள் ஒரு குட்டியைக் காட்டினாள்.

"அப்பா, அது ஏன் சாப்பிடாம பாத்துக்கிட்டே இருக்கு?"

நீள்வால் குரங்குக் குட்டி அது. ஒரு வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். காலடியில் ஒரு கடலை கிடந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. முதலில் இடப்பக்கம் பார்த்தது, பிறகு வலப்பக்கம், பிறகு பின்னால். கடலையைப் பார்க்காத மாதிரி கொஞ்ச நேரம் தன் காலைச் சொறிந்துகொண்டது. திடீரென்று எடுத்து வாயில் போட்டது. மெல்லவில்லை, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஓடிப்போய் மதிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் வாய் அசைந்தது.

நாலடி தள்ளி அதே அளவில் இன்னொரு குட்டி. அது சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்து, கடலையை உடைத்து, தோலை ஊதித் தின்றுகொண்டிருந்தது. யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கை எட்டும் தூரத்தில் அதன் தாய் படுத்திருந்தது.

மகள் முதல் குட்டிக்காகப் பாவப்பட்டு ஒரு பிடி கடலையை அதன் பக்கம் எறிந்தாள். உடனே இரண்டு பெரிய குரங்குகள் பாய்ந்தன. குட்டி கீச்சென்று கத்திக்கொண்டு கீழே உருண்டது. மகள் அழ ஆரம்பித்தாள். "நான் அதுக்குத்தானே குடுத்தேன்" என்றாள்.

எனக்கு அந்தக் கன்னம் முன்பே தெரியும். முப்பது வருடமாகத் தெரியும்.

*

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் படித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் 1979 முதல் நடத்தும் துணை உணவுத் திட்டம் உண்டு. ஆர்.எம்.டி. என்றால்தான் எல்லாருக்கும் புரியும். எங்கள் பள்ளியில் அநேகமாக எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தோம். ஓய்வு மணி அடித்தால் சிற்றுண்டிச்சாலையில் தட்டு அடுக்கியிருக்கும். மீ அல்லது நாசி கோரெங், சில நாள் கோழித்துண்டு, சில நாள் அவித்த முட்டை. முட்டை நாள்தான் எங்களுக்குப் பெரிய நாள்.

அங்கே உதவியாளாக வேலை செய்தது என் அம்மா. கரண்டி அம்மா கையில் இருந்தது.

வரிசையில் நில்லுங்கள் என்று மட்டும்தான் ஆசிரியர் சொல்வார். யாருக்குப் பின்னால் யார் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அதே வரிசைதான் அமையும். பெரிய கிராணி வீட்டுப் பையன் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன், அவனுக்கு வரிசையே கிடையாது. அப்புறம் மண்டோர் பேரன். அப்புறம் நான். எனக்குப் பின்னால் மேல் லயத்துப் பிள்ளைகள். கடைசியில் கீழ் லயம். கீழ் லயம் என்பது ஆற்றோரம், மழைக்கு முதலில் தண்ணீர் ஏறும் இடம். யார் எந்த லயத்தில் இருப்பது என்பதை எங்கள் தாத்தா காலத்திலேயே யாரோ முடிவு செய்திருந்தார்கள். சாதியின் பெயரை வீட்டில் சொல்லமாட்டார்கள். "அவங்க கீழ் லயத்து ஆளுங்க" என்பார்கள். அது போதும்.

கீழ் லயத்துப் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். கடைசித் தட்டு எப்போதும் அவளுடையது. முட்டை நாளில் அவள் முட்டையை முழுசாக வாய்க்குள் தள்ளி, ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, தட்டோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவாள். மேசையில் உட்கார்ந்து நிதானமாகத் தின்ன முயன்ற நாட்களில் அவள் முட்டையைப் பெரிய பையன்கள் பறித்திருக்கிறார்கள். நானும் ஒருமுறை பறித்திருக்கிறேன். எனக்கு அன்றைக்குப் பசிகூட இல்லை. என் தட்டில் ஒன்று இருந்தது. அம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், யாரும் என்னை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று தெரியும், அவ்வளவுதான் காரணம்.

அவளுக்குக் 'கன்னக்குரங்கு' என்று பெயர் வைத்தவனும் நான்தான். அந்தப் பெயர் ஆறாம் ஆண்டு வரை அவள் கூடவே வந்தது.

*

மெலாவத்தியிலிருந்து வந்த அன்று இரவு நான் படிக்க ஆரம்பித்தேன். குரங்குகளைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

1958இல் ஜப்பானில் கவாய் மசாவோ, கவாமுரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜப்பானியக் குரங்குகளைப் பற்றித் தனித்தனியாக எழுதினார்கள். இரண்டு குரங்குகளுக்கு நடுவில் தீனியைப் போட்டு யார் எடுக்கிறது என்று பார்ப்பது அவர்கள் காலத்து எளிய சோதனை. பலசாலி எடுக்கும் என்றுதான் நாம் நினைப்போம். குட்டிகள் விஷயத்தில் அப்படி இல்லை. எந்தத் தாயின் குட்டி என்பதே அங்கே கணக்கு. மேல்நிலைத் தாயின் சின்னக் குட்டி எதிரே வந்தால் கீழ்நிலையில் இருக்கும் வளர்ந்த குரங்குகூட ஒதுங்கும். பெண்குட்டி வளர்ந்ததும் தன் தாய்க்கு அடுத்த படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்காளைவிடத் தங்கச்சிக்குத்தான் மேல்படி, ஏனென்றால் சண்டை வந்தால் தாய் சின்னது பக்கம் நிற்கும். ஆண்குட்டிகள் வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் போய்விடும். பெண்கள் பிறந்த இடத்தில் இருந்து படியைக் காப்பாற்றும்.

கவாய் ஒரு நுணுக்கமான பிரிவைச் சொல்கிறார். ஒரு குட்டி தனியாக இருக்கும்போது அதற்கு இருக்கும் நிலை ஒன்று. தாய் பக்கத்தில் இருக்கும்போது இருக்கும் நிலை வேறு. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கரண்டியோடு நிற்கும் அம்மா ஞாபகத்துக்கு வந்தார்.

நம்மூர் நீள்வால் குரங்குகளும் இந்தக் குடும்பம்தான். சுமத்ராவின் கெத்தாம்பே காட்டில் வான் நோர்ட்விக், வான் ஷைக் இருவரும் இவற்றைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மேல்நிலையில் இருக்கும் பெண்குரங்குகள் தம் வாழ்நாளில் அதிகக் குட்டிகளை வளர்த்தெடுக்கின்றன என்று கண்டார்கள். கென்யாவின் அம்போசெலியில் ஸ்டூவர்ட் ஆல்ட்மன் ஒரு வயதை ஒட்டிய பபூன் குட்டிகள் தின்பதை வாய் வாயாக எண்ணி, 1998இல் புத்தகமாக எழுதினார். அந்த வயதில் எது நன்றாகத் தின்றதோ அதுதான் பின்னாளில் நன்றாக வாழ்ந்தது. சின்ன வயதில் தட்டில் விழுந்ததும் விழாததும் அதோடு முடிந்துவிடவில்லை.

கன்னப்பைக்கும் ஒரு கணக்கு உண்டு. மற்றவர் கண்முன்னால் தின்ன முடியாதவருக்கு அது ஒரு சாதனம். தீனி இருக்கும் இடத்தில் வேகமாக அடைத்துக்கொள், பாதுகாப்பான இடத்தில் போய் மெல்லு. அடுத்த வாரம் நோட்டுப் புத்தகத்தோடு மறுபடி மலைக்குப் போனேன். நான் ஆய்வாளன் இல்லை, அங்கே எது எதன் குட்டி என்று எனக்குத் தெரியாது. ஆனால் எது தின்பதற்கு முன்னால் சுற்றிப் பார்க்கிறது, எது பார்க்கவில்லை என்று குறித்துக்கொள்ள யாருக்கும் முடியும். இரண்டு மணி நேரத்தில் அந்தப் பக்கம் நிரம்பிவிட்டது.

*

இதையெல்லாம் ஒரு கல்யாண வீட்டில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியப்பா முறை உள்ள ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பாத்தியா? கொரங்குக்கே மேல கீழ இருக்குலா. நாமதான் சும்மா சமத்துவம்னு பேசுறோம்."

எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்ன கதையிலிருந்து அவர் எடுத்த பாடம் அது. எடுக்க முடியாத பாடமும் இல்லை. குரங்கைக் காட்டி மனிதனின் படிநிலையை இயற்கை என்று சொல்வது பழைய தந்திரம். தோட்டத்தில் நம்மையே குரங்கோடு சேர்த்துப் பேசிய துரைமார்களும் இருந்தார்கள். அவர்களிடமிருந்து அந்தச் சொல்லை வாங்கி நான் ஒரு பெண்ணுக்குச் சூட்டினேன்.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அப்போது வாயில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதல் பதில் மெலாவத்தியிலேயே இருக்கிறது. அதே குன்றில் இன்னொரு குரங்கும் உண்டு. மலாய்க்காரர்கள் லோத்தோங் என்பார்கள். சாம்பல் உடம்பு, கறுத்த முகம், தலையில் கூம்பாக முடி. தொல்காப்பியர் குரங்கு, முசு, ஊகம் என்று பிரித்து, மூன்றின் பெண்ணையும் மந்தி என்கிறார். லோத்தோங்கை நாம் முசு என்று அழைக்கலாம். குட்டி பிறக்கும்போது பளிச்சென்று ஆரஞ்சு நிறம், சில மாதங்களில் சாம்பலாகிவிடும். அந்த ஆரஞ்சுக் குட்டியைப் பெற்றவள் மட்டும் தூக்குவதில்லை, கூட்டத்துப் பெண்கள் கைமாற்றி கைமாற்றி வைத்துக்கொள்வார்கள். இர்வின் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் இங்கே வந்து இவற்றைப் பார்த்து, 1968இல் கோலசிலாங்கூரின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு ஒரு கட்டுரை எழுதினார். முசுவின் கூட்டத்தில் பெண்களுக்குள் தீனிக்கான அடிதடி குறைவு. பக்கத்தில் இருக்கும் குரங்குகளைப் போல இறுக்கமான படிக்கட்டு கிடையாது.

காரணம் குணம் மட்டும் இல்லை, தீனியும்தான். முசு பெரும்பாலும் இலை தின்னும். இலை மரம் முழுக்க இருக்கிறது. ஒரு கிளையை ஒருத்தி பிடித்துக்கொண்டால் மற்றவள் அடுத்த கிளைக்குப் போகலாம். பழமோ கடலையோ அப்படி இல்லை. ஓரிடத்தில் குவியும். குவிந்ததைக் காவல் காக்க முடியும். காவல் காக்க முடிந்ததைச் சுற்றித்தான் படிநிலை இறுகுகிறது. சுற்றுலாக்காரன் கையில் இருக்கும் பொட்டலம் குவியலிலும் குவியல். மகள் எறிந்த ஒரு பிடி கடலை அந்தக் குட்டிக்கு அடி வாங்கிக் கொடுத்தது அதனால்தான். அவள் இரக்கத்தில் குறையில்லை. எல்லாக் கடலையும் ஒரே இடத்தில் விழுந்தது.

முசுக்களை ரொம்பவும் சாதுவாக்கிவிடவும் கூடாது. 1977இல் உல்ஃப், ஃபிளீகல் இருவரும் இதே கோலசிலாங்கூரில் கூட்டத்தின் ஆண் தலைவன் மாறியதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அது இரக்கமான கதை இல்லை. சோற்றுக்குச் சண்டையில்லாத இடத்தில் வேறு எதற்கோ சண்டை இருக்கிறது.

இரண்டாவது பதில் மொன்ரியாலில் இருந்து. 1980களில் பெர்னார்ட் ஷப்பே அங்கே ஜப்பானியக் குரங்குகளின் உறவுக்காரர்களைப் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்துப் பார்த்தார். மேல்வீட்டுக் குட்டியைத் தாயில்லாமல், அக்காளில்லாமல் கீழ்வீட்டுக் கூட்டத்தில் தனியாக விட்டால் அது படியிலிருந்து இறங்கிவிடுகிறது. உடம்பு அதேதான், ரத்தம் அதேதான். பின்னால் நின்றவர்களைக் காணோம், அவ்வளவுதான். பெரியப்பா பிறப்பு என்று எதைச் சொல்கிறாரோ அது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதாக இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு மறக்க முடியாதது. கங்காணிகள் வழியாக நம் முன்னோரை மலாயாவுக்குக் கூட்டிவந்த கதை 1938இல் முடிகிறது. அந்த ஆண்டு ஜூன் மாதம் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. அதே ஆண்டில் கிளாரன்ஸ் கார்ப்பெண்டர் என்ற அமெரிக்கர் இந்தியாவில் ரீசஸ் குரங்குகளைப் பிடித்துக் கப்பலேற்றி, போர்த்தோ ரிக்கோவுக்குப் பக்கத்தில் காயோ சந்தியாகோ என்ற சின்னத் தீவில் 409ஐ விட்டார். அவற்றின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. படிநிலையில் படுகறாரான இனம் அது. 2017இல் மரியா புயல் அடித்துத் தீவின் மரங்கள் போய்விட்டன. நிழல் அரிதானது. நிழலுக்காக ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்றுதான் எதிர்பார்த்திருப்போம். ஆனால் மிச்சமிருந்த சிறு நிழலில் முன்பு ஒதுக்கிவைத்தவர்களோடும் ஒட்டி உட்காரத் தொடங்கின. புயலுக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அப்படியே தொடர்ந்தன. அப்படி மற்றவரைச் சகித்துக்கொண்ட குரங்குகள்தான் அதிகமாகப் பிழைத்தன என்று அங்கே ஆய்வு செய்பவர்கள் கண்டார்கள்.

நிழலைக் காட்டிலும் எளிதில் பங்கு போடக்கூடியது அவித்த முட்டை. எங்களுக்குப் புயலும் அடிக்கவில்லை.

*

இங்கிருந்து பத்தாங் பெர்ஜுந்தை தூரமில்லை, இப்போது பெஸ்தாரி ஜெயா. அங்கே தென்னமாராம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வியாபாரத்துக்காகச் செம்பனையை நட்டார். இந்த நாட்டில் அதுதான் முதல். பிறகு அவர் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு வாங்கினார். வரலாற்றில் துரைக்கு இடமிருக்கிறது, செம்பனைக்கு இடமிருக்கிறது. அந்த மரத்தடியில் யார் எந்த வரிசையில் சாப்பிட்டார்கள் என்பதை நாம்தான் எழுத வேண்டும். எழுதும்போது நாம் வரிசையின் எந்த இடத்தில் நின்றோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தோட்டத்துத் துயரத்தை எழுதுகிற நாங்கள் அதைப் பெரும்பாலும் கடைசியில் நின்றவர்கள் போலவே எழுதுகிறோம். நான் மூன்றாவதாக நின்றவன்.

போன மாதம் அம்மாவிடம் கேட்டேன். இப்போது எங்களோடு புஞ்சாக் ஆலாமில் இருக்கிறார். காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஆர்.எம்.டி.ல கடைசில வர்ற பிள்ளைங்களுக்குக் கொறைச்சா போட்ட?"

கத்தி நின்றது. "யாரு சொன்னா? நான் யாருக்கும் கொறைச்சுப் போட்டதில்ல."

"எனக்குப் பெரிய துண்டா போடுவியேம்மா."

"அது வேற." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சட்டி ஒண்ணுதானே. முன்னால பெருசு போனா பின்னால சின்னதுதான் மிஞ்சும். நானா கொறைக்கணும்னு இல்ல" என்றார்.

இதைவிடச் சரியாக எந்த ஆய்வாளரும் எழுதி நான் படிக்கவில்லை.

அப்புறம் அவராகவே சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் பாட்டி வீட்டில் ஒன்பது பேர். ஆம்பிளைகள், மாமனார், நாத்தனார்கள், பிள்ளைகள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் மருமகளுக்கு. குழம்பில் மீன் இருக்காது, வாசம் மட்டும் இருக்கும். சட்டியில் சோற்றைப் போட்டுத் துடைத்து, அடுப்பைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்து வேகவேகமாகச் சாப்பிடுவாராம். யாராவது கூப்பிட்டுவிடுவார்களே என்ற பயம். "அதான். எம்புள்ள மொத தட்டுல திங்கட்டும்னு நெனச்சேன். தப்பாடா?"

என்ன சொல்வது? தப்பு என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. அந்தப் பெரிய துண்டுகளைத் தின்று வளர்ந்த உடம்பு இது. தப்பில்லை என்றும் சொல்ல முடியவில்லை. கீழே நின்றவள் மேலே ஒரு படி ஏற்றிவிட்டதும் அவள் பிள்ளைக்குக் கீழே இன்னொருத்தி பிள்ளை நின்றாள். அம்மா எனக்குக் கொடுத்த பாசத்திலேயே அதுவும் இருந்தது, தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை.

"கன்னக்குரங்குன்னு ஒரு பிள்ளை இருந்துச்சேம்மா, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். உண்மையில் நான் கேட்க வந்தது இதைத்தான். பல நாளாக அவள் பெயரை யோசிக்கிறேன். வரவே இல்லை. தேடிப் பார்க்கவும் பெயர் வேண்டுமே. நான் வைத்த பெயர் மட்டும்தான் என்னிடம் இருந்தது.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். அவள் அப்பா பெயரைச் சொன்னார். கீழ் லயத்தில் எத்தனையாவது வீடு என்று சொன்னார். அவள் அம்மா பால் வெட்டப் போன மரவரிசையைச் சொன்னார்.

"அந்தப் பிள்ளைக்கு மஞ்சக்கரு புடிக்காது" என்றார் கடைசியில். "இருந்தாலும் ஒருநாள்கூட வேணாம்னு சொன்னதில்ல."

கத்தி மறுபடி நகர ஆரம்பித்தது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.